உங்களுக்குத் தெரியுமா? வயலில் பிறந்து கேசட்டில் ஏறிய பாட்டு

2018-இல் பத்மஸ்ரீ பெற்ற நாட்டுப்புறப் பாடகி விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் நம் விருதுநகர் மாவட்டத்துக்காரர்; பிறந்தது இராஜபாளையம் பக்கம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். கணவர் நவநீதகிருஷ்ணனோடு ஊர் ஊராகப் போய்த் திரட்டிய பாடல்கள் சுமார் 10,000. ஏட்டில் பூட்டி வைக்காமல், இருவரும் மேடையேறிப் பாடினார்கள், கேசட்டுகளாகவும் வெளியிட்டார்கள்.

நாட்டுப்புறப் பாடல்களில் ஒன்றான நடவுப் பாட்டை வயலில் நின்று கேட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள். சேறு சொட்டும் நாற்றோடு குனிந்திருக்கும் மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். விரல் மண்ணில் இறங்குவதுகூட அந்தத் தாளத்துக்குத்தான். இயந்திர நடவு வந்த வயல்களில் அந்தக் குரல் இல்லை. அதனால், வீட்டுப் பரணில் பழைய நாட்டுப்புறக் கேசட் கிடந்தால், தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.