படைவீரர் இயலாமை ஓய்வூதியம் (இந்தியா)

இயலாமை ஓய்வூதியம் என்பது இந்தியத் தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றில் பணியாற்றி, அப்பணியின் காரணமாகக் காயமோ நோயோ அடைந்தவர்களுக்கு நடுவண் அரசு மாதந்தோறும் வழங்கும் தொகையாகும். முன்னாள் படைவீரர்கள் பேச்சுவழக்கில் இதனை 'டிசபிலிட்டி பென்ஷன்' என்றே குறிப்பிடுவர். உடற்குறையின் அளவு மட்டும் இத்தொகையை முடிவு செய்வதில்லை. குறை எதனால் வந்தது என்று மருத்துவ வாரியம் எழுதும் கருத்து, வீரர் படையை விட்டு வெளியேறிய முறை, அவர் சேர்ந்திருந்த பிரிவு ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. ஒரே அளவு உடற்குறை உள்ள இருவர் வெவ்வேறு தொகை பெறுவதும், ஒருவர் பெற்று மற்றவர் பெறாமல் போவதும் இதனால்தான். சமமாக நடத்தப்படவில்லை என்ற புகார்களும் பெரும்பாலும் இம்மூன்றிலிருந்தே எழுகின்றன.

அடிப்படைத் தகுதிகள்

1961ஆம் ஆண்டின் தரைப்படை ஓய்வூதிய ஒழுங்குமுறைகளில் 173ஆவது விதி இரண்டு நிபந்தனைகளை வைத்தது. முதலாவது, உடற்குறை படைப்பணியால் ஏற்பட்டதாகவோ படைப்பணியால் தீவிரமடைந்ததாகவோ இருக்க வேண்டும். இரண்டாவது, அதன் அளவு 20 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என மதிப்பிடப்பட வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளும் பின்னர் வந்த விதிகளிலும் தொடர்ந்தன.

'ஏற்பட்டது', 'தீவிரமடைந்தது' என்ற இரு சொற்களுக்கும் வேறுபாடு உண்டு. பயிற்சியின்போது கீழே விழுந்து முதுகெலும்பு முறிந்தால் அது பணியால் ஏற்பட்ட குறை. ஏற்கெனவே உள்ள ஆஸ்துமா, பனிமலை முகாமில் பணியாற்றியதால் மோசமானால் அது பணியால் தீவிரமடைந்த குறை. இரண்டில் எது பொருந்தினாலும் ஓய்வூதியத்துக்கு உரிமை உண்டு. இரண்டும் இல்லை என்று வாரியம் எழுதிவிட்டால் கோரிக்கை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

விடுப்பில் இருக்கும்போது நேரும் விபத்துகள் தனிச் சிக்கல். விடுப்புக்காக ஊருக்குச் செல்லும் பயணமும் பணிக்குத் திரும்பும் பயணமும் பணியின் பகுதியாகக் கருதப்படும். ஆனால் வீட்டில் இருக்கும்போது, படைப்பணியோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேலையில் அடிபட்டால் கோரிக்கை பொதுவாக ஏற்கப்படுவதில்லை.

மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது?

1982ஆம் ஆண்டின் உரிமை விதிகள் வீரருக்குச் சாதகமான மூன்று கருத்துகளைக் கொண்டிருந்தன. படையில் சேரும்போது ஒருவர் உடலாலும் மனத்தாலும் நலமாக இருந்தார் என்று கொள்ள வேண்டும். தமக்கு உரிமை உண்டு என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர்மேல் இல்லை. நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பயன் அவருக்கே சேரும். சேர்க்கையின்போது குறித்து வைக்கப்படாத நோய் பின்னர் தோன்றினால், அது பணிக்காலத்தில் வந்ததாகவே பொதுவாகக் கருதப்படும். சேர்க்கைப் பரிசோதனையில் அந்நோயைக் கண்டறிந்திருக்க முடியாது என்று மருத்துவர்கள் கருதினால், அதற்கான காரணங்களை அவர்கள் எழுத வேண்டும்.

நடைமுறையில் இவ்விதிகள் பல வேளைகளில் தலைகீழாயின. வலிப்பு, மனநோய், உயர் இரத்த அழுத்தம் போன்றவற்றை 'உடலமைப்பு சார்ந்த நோய்' என்ற ஒரே தொடரில் எழுதி, வேறு விளக்கம் இல்லாமலே கோரிக்கைகள் மறுக்கப்பட்டன. நோய் தோன்றியபோது வீரர் போர்முனையில் இல்லாமல் அமைதிப் பகுதியில் இருந்தார் என்பதும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது.

இதில் திருப்புமுனையாக அமைந்தது தரம்வீர் சிங் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் 2013 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. 1985இல் தரைப்படையின் சிக்னல் பிரிவில் சேர்ந்த இவர், ஏறத்தாழ 9 ஆண்டுப் பணிக்குப் பின் வலிப்பு நோய் காரணமாக விடுவிக்கப்பட்டார். குறையின் அளவு 20 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது. ஆனால் அது பணியோடு தொடர்பில்லாதது என்று கூறி ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. சிப்பாய் நிலையில் உள்ளவர் வழக்கமான ஓய்வூதியம் பெற 15 ஆண்டுப் பணி தேவை. எனவே அவரைப் போன்ற ஒருவருக்கு இயலாமை ஓய்வூதியம் மறுக்கப்பட்டால், வேலையும் போய், உடல்நலமும் போய், மாத வருமானமும் இல்லாத நிலை உருவாகும்.

சேர்க்கை ஆவணங்களில் நோய் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை என்பதையும், வாரியம் தன் முடிவுக்குக் காரணம் எழுதவில்லை என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டி அவருக்கு ஓய்வூதியம் வழங்க ஆணையிட்டது. அடுத்து வந்த சுக்விந்தர் சிங் (2014), ராஜ்பீர் சிங் (2015) வழக்குகளின் தீர்ப்புகள் இதே வழியைப் பின்பற்றின.

தொகை கணக்கிடும் முறை

உடல்நலக் காரணத்தால் விடுவிக்கப்பட்டவரின் ஓய்வூதியத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. கடைசி ஊதியத்தின் அடிப்படையில் தரப்படும் பணிக்காலப் பகுதி ஒன்று. இயலாமைப் பகுதி மற்றொன்று. 100 விழுக்காடு உடற்குறைக்கு இயலாமைப் பகுதி கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. குறை அதைவிடக் குறைவானால் தொகையும் அதே விகிதத்தில் குறையும்.

உடற்குறையைத் துல்லியமாக அளப்பது மருத்துவர்களுக்கும் கடினம் என்பதால், ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2001 ஜனவரி 31 நாளிட்ட ஆணை மூலம் முழுமையாக்கும் முறை கொண்டுவரப்பட்டது. இதன்படி 50க்குக் குறைவான குறை 50 என்றும், 50 முதல் 75 வரை உள்ளது 75 என்றும், 76 முதல் 100 வரை உள்ளது 100 என்றும் கொள்ளப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு: கடைசி ஊதியம் 40,000 ரூபாய், உடற்குறை 30 விழுக்காடு எனக் கொள்வோம். முழுமையாக்கல் இல்லையென்றால் இயலாமைப் பகுதி 3,600 ரூபாய். 30 என்பது 50 ஆக முழுமையாக்கப்பட்டால் 6,000 ரூபாய். அதே காயம் போரில் ஏற்பட்டு, அதனால் வீரர் விடுவிக்கப்பட்டிருந்தால் போர்க்காயப் பகுதி பொருந்தும். அதற்கு 100 விழுக்காட்டுக் குறைக்கு முழு ஊதியமே அடிப்படை என்பதால் 20,000 ரூபாய் வரும். போரில் காயமடைந்தும் பணியில் தொடர்ந்து, பின்னர் ஓய்வு பெற்றவருக்கு அடிப்படை 60 விழுக்காடு. அவருக்கு 12,000 ரூபாய். அகவிலை நிவாரணம் இவற்றில் சேர்க்கப்படவில்லை.

சமமின்மை பற்றிய புகார்கள்

வெளியேறிய முறை: 2001ஆம் ஆண்டு ஆணை முழுமையாக்கலை, உடல்நலக் காரணத்தால் பாதியில் விடுவிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே அளித்தது. உடற்குறையோடு போராடிப் பணிக்காலத்தை முடித்தவருக்கு அது கிடைக்கவில்லை. இந்தப் பாகுபாடு நியாயமற்றது என்று பலர் வழக்குத் தொடுத்தனர். 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் முழுமையாக்கல் பொருந்தும் என்று முடிவு செய்தது. வருமான வரியிலும் இதே கேள்வி எழுந்தது. விடுவிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே வரிவிலக்கு உண்டு என்று 2019 ஜூன் மாதம் வெளியான சுற்றறிக்கையை முன்னாள் படைவீரர்கள் எதிர்த்தனர்.

பதவி நிலை: ஏழாவது ஊதியக் குழு, விழுக்காட்டு முறைக்குப் பதிலாக நிலையான தொகையைப் பரிந்துரைத்தது. 100 விழுக்காட்டுக் குறைக்கு அதிகாரிகளுக்கு 27,000 ரூபாய், இளநிலை ஆணைபெற்ற அதிகாரிகளுக்கு 17,000 ரூபாய், பிற வீரர்களுக்கு 12,000 ரூபாய் என்பது அப்பரிந்துரை. குடிமைப் பணியாளர்களுக்கு விழுக்காட்டு முறையே தொடர்ந்ததால், படையினருக்கு மட்டும் ஏன் இந்த மாற்றம் என்ற கேள்வி எழுந்தது. 2017 மே மாதம் நடுவண் அமைச்சரவை பழைய விழுக்காட்டு முறையையே தொடர ஒப்புதல் அளித்தது. எனினும் விழுக்காட்டு முறையிலும் ஊதியமே அடிப்படை என்பதால், ஒரே குறைக்குச் சிப்பாயும் அதிகாரியும் பெறும் தொகை வேறுபடவே செய்கிறது.

பதவி நிலை பற்றிய மற்றொரு விவாதம் தணிக்கை அறிக்கையிலிருந்து வந்தது. 2015-16 முதல் 2019-20 வரையிலான காலத்தை ஆய்ந்து 2023இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, ஆண்டுதோறும் ஓய்வு பெறும் அதிகாரிகளில் 36 முதல் 40 விழுக்காட்டினரும், பிற நிலையினரில் 15 முதல் 18 விழுக்காட்டினரும் இயலாமைப் பகுதியோடு ஓய்வு பெற்றதாகக் கண்டது. அதிகாரிகள் இச்சலுகையை மிகையாகப் பெறுகிறார்கள் என்று சிலர் இதற்குப் பொருள் கொண்டனர். கடைநிலை வீரர்களின் நோய்கள் போதிய அளவு பதிவு செய்யப்படவில்லை என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. எண்கள் மட்டும் இரண்டில் ஒன்றை உறுதி செய்வதில்லை.

பயிற்சி மாணவர்கள்: சிப்பாயாகச் சேர்ந்தவர் பயிற்சிக் காலத்திலேயே காயமடைந்தாலும் இயலாமை ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுவார். தேசியப் பாதுகாப்புக் கழகம் போன்ற இடங்களில் அதிகாரியாகப் பயிற்சி பெறும் மாணவர், ஆணை பெறும் வரை பணியில் சேர்ந்தவராகக் கருதப்படுவதில்லை. அதனால் பயிற்சியில் முடமாகி வெளியேறும் அவருக்கு ஓய்வூதியம் இல்லை. கருணைத் தொகை மட்டுமே உண்டு. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இச்சிக்கலைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அதே மாதம் இவர்களுக்கும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் விரிவாக்கப்பட்டது.

அக்னிவீரர்கள்: 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுகளுக்குச் சேர்பவர்களுக்கு இயலாமை ஓய்வூதியம் கிடையாது. பணியால் ஏற்பட்ட குறைக்கு ஒருமுறை மட்டும் கருணைத் தொகை வழங்கப்படும். 100 விழுக்காட்டுக் குறைக்கு 44 லட்சம், 75க்கு 25 லட்சம், 50க்கு 15 லட்சம் ரூபாய் என்பது திட்டத்தின் விதி. அருகருகே நின்று காவல் காத்த இரு வீரர்களில் ஒருவருக்கு வாழ்நாள் ஓய்வூதியமும் மற்றவருக்கு ஒருமுறைத் தொகையும் கிடைப்பது இத்திட்டத்தின்மீது வைக்கப்படும் முக்கியக் குறைகூறல்களில் ஒன்று.

புதிய விதிகள்

2023 செப்டம்பர் 21 முதல் புதிய உரிமை விதிகள் நடைமுறைக்கு வந்தன. உடற்குறையோடு பணிக்காலத்தை முடிப்பவர்களுக்கான தொகை இவற்றில் 'குறைபாட்டு நிவாரணம்' என்ற புதிய பெயர் பெற்றது. தரம்வீர் சிங் வழக்கு போன்ற தீர்ப்புகள் 1982ஆம் ஆண்டு விதிகளின் சொற்களை வைத்து எழுந்தவை. ஆகவே ஒரு வீரர் படையை விட்டு வெளியேறிய நாள் புதிய விதிகளுக்கு முந்தியதா பிந்தியதா என்பதை முதலில் பார்ப்பது அவசியம்.

கோரிக்கையும் மேல்முறையீடும்

கோரிக்கையின் அடித்தளம், வெளியேறும்போது நடக்கும் மருத்துவ வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்பு. அதில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்: குறையின் விழுக்காடு, அது பணியோடு தொடர்புடையதா என்ற கருத்து, அக்கருத்துக்கு எழுதப்பட்ட காரணம். காயமாக இருந்தால் காய அறிக்கையும், விசாரணை நீதிமன்றம் என்று படையினர் அழைக்கும் உள்விசாரணையின் குறிப்பும் தேவைப்படும். நோயாக இருந்தால் சேர்க்கைப் பரிசோதனைப் படிவமும், அந்நோய் முதலில் பதிவான காலத்தில் எங்கே பணியாற்றினார் என்ற விவரமும் உதவும். கையில் இல்லாத ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டுப் பெறலாம். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் விண்ணப்பங்களுக்கு வழிகாட்டுகின்றன.

கோரிக்கை மறுக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதுவும் தோற்றால் இரண்டாம் மேல்முறையீடு உண்டு. அதன்பின் செல்லும் இடம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இத்தீர்ப்பாயம் 2009இல் பணியைத் தொடங்கியது. நீதித்துறை உறுப்பினர் ஒருவரும் படைத்துறை அனுபவமுள்ள நிர்வாக உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து வழக்கைக் கேட்பர். இதன் மண்டல அமர்வுகளுள் ஒன்று சென்னையில் உள்ளது. தீர்ப்பாயத்தின் ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்பதை 2023 மார்ச் 21 அன்று பர்சோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

பல ஆண்டுகள் கழிந்துவிட்டாலும் கோரிக்கை அடியோடு அழிந்துவிடுவதில்லை. ஓய்வூதியம் மறுக்கப்படுவது மாதந்தோறும் தொடரும் தவறு என்று 2008இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆனால் நிலுவைத் தொகை பொதுவாக, வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும் என்றும் அதே தீர்ப்பு கூறியது. 20 ஆண்டுகள் காத்திருந்தவர் வென்றாலும், அவற்றில் 17 ஆண்டுகளுக்கான தொகையை இழப்பார். மறுப்புக் கடிதம் வந்தவுடன் அதில் எழுதப்பட்ட காரணத்தைப் படித்து, காலக்கெடுவுக்குள் மேல்முறையீடு செய்வதே இந்த இழப்பைத் தவிர்க்கும் வழி.