வேலையில் சேர்ந்த அன்றே ‘லாக்-இன்’ ரெடி: தானாக அக்கவுண்ட் திறக்கும் சாப்ட்வேர்! மூட மறந்தால் ஆபத்து

செங்கோட்டை,

செங்கோட்டையில் இருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி சென்னைக்கு கம்ப்யூட்டர் வேலைக்கு போகும் பிள்ளைகள் பலருக்கு முதல் நாளே ஒரு சோதனை காத்திருக்கும். சீட் ரெடி, கம்ப்யூட்டர் ரெடி, ஆனா லாக்-இன் மட்டும் இன்னும் வரல என்பார்கள். சம்பளம் ஓடும், வேலை ஓடாது.

அக்கவுண்ட் என்றதும் பேங்க் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். கம்பெனி கம்ப்யூட்டருக்குள் நுழைய ஒவ்வொரு ஊழியருக்கும் தரப்படும் யூசர் பெயரும், பாஸ்வேர்டும்தான் இது. வீட்டு சாவி மாதிரி. இந்த சாவியை ஆள் உட்கார்ந்து டைப் அடிக்காமல், சாப்ட்வேரே செய்து கொடுத்தால் எப்படி இருக்கும்? பெரிய கம்பெனிகளில் இப்போது அதுதான் நடக்கிறது.

மத்தளம்பாறை கம்பெனி

இந்த வகை சாப்ட்வேர் தயாரிக்கும் கம்பெனி ஒன்று நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. 1996-ம் ஆண்டு ‘அட்வென்ட்நெட்’ என்ற பெயரில் தொடங்கி, 2009-ல் ‘சோஹோ’ என்று பெயர் மாறிய நிறுவனம்தான் அது. 2011-ல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

சோஹோவின் ‘மேனேஜ்என்ஜின்’ பிரிவில் ‘சர்வீஸ்டெஸ்க் பிளஸ்’ என்று ஒரு சாப்ட்வேர் உண்டு. பிரிண்டர் ஓடவில்லை, இன்டர்நெட் வரவில்லை என்று ஊழியர்கள் புகார் கொடுக்கவும், அதை ஐ.டி. பிரிவு சரி செய்யவும் பயன்படுவது இது. புகார் கொடுப்பவர் யார், எந்த பிரிவு, அவருடைய மேலதிகாரி யார் என்பதெல்லாம் அதற்கு தெரிய வேண்டும். 2 ஆயிரம் பேர் வேலை பார்க்கும் இடத்தில் இதை ஒவ்வொன்றாக டைப் செய்தால் விடிந்துவிடும்.

எப்படி வேலை செய்கிறது?

தானாக அக்கவுண்ட் திறக்க 4 வழிகள் இருக்கின்றன. அவை வருமாறு:-

1. ஊழியர் பட்டியலை எக்செல் போல கட்டம் கட்டி, ‘சி.எஸ்.வி.’ பைலாக மாற்றி மொத்தமாக ஏற்றுவது. ஒரு முறைக்கு சரி. அடுத்த வாரம் 10 பேர் சேர்ந்தால் மறுபடியும் ஏற்ற வேண்டும்.

2. கம்பெனியின் மூல பதிவேட்டோடு இணைப்பது. மைக்ரோசாப்ட் நிறுவனம் ‘விண்டோஸ் 2000’-வுடன் கொண்டு வந்த ‘ஆக்டிவ் டைரக்டரி’தான் பல அலுவலகங்களில் இந்த பதிவேடு. ரேஷன் கடைக்கு குடும்ப அட்டை எப்படியோ, அப்படி. குறித்த நாள், குறித்த நேரத்தில் சாப்ட்வேர் அதை பார்த்து, புதிய பெயர்களுக்கு அக்கவுண்ட் திறந்துவிடும்.

3. புகார் மெயில் வந்ததும் அனுப்பியவர் பெயரில் அக்கவுண்ட் திறப்பது. வசதிதான். ஆனால் விளம்பர மெயில் அனுப்புகிறவனுக்கும் அக்கவுண்ட் திறந்துவிடும். கம்பெனி மெயில் முகவரிக்கு மட்டும் என்று கட்டுப்பாடு வைப்பது அவசியம்.

4. ‘ஸ்கிம்’ என்ற பொது விதிமுறை. இதன் 2-வது பதிப்பு 2015-ல் வெளியானது. வெவ்வேறு கம்பெனிகளின் சாப்ட்வேர்கள் ஊழியர் விவரங்களை ஒரே முறையில் பரிமாறிக்கொள்ள இது உதவுகிறது. சேர்ந்தவருக்கு திறப்பதையும், விலகியவருக்கு மூடுவதையும் இதன் மூலமே செய்யலாம்.

இன்ஷியல் தகராறு

இதில் நம்ம ஊர் ஆட்களுக்கு ஒரு தனி சிக்கல் உண்டு. வெளிநாட்டு சாப்ட்வேர்கள் பெயர், குடும்ப பெயர் என்று 2 கட்டம் கேட்கும். நமக்கு ஏது குடும்ப பெயர்? இன்ஷியல்தான். ஒரே கம்பெனியில் 3 எம்.முருகன், 2 எஸ்.இசக்கி இருப்பது சகஜம். பெயரை வைத்து பொருத்தினால் ஒருவர் புகார் இன்னொருவர் கணக்கில் போய் விழும்.

தகப்பனார் பெயரை முழுதாக சேர்க்கலாம் என்றால் அதற்கும் தடை. ஆக்டிவ் டைரக்டரியில் பழைய முறை லாக்-இன் பெயர் 20 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. முத்துசுப்பிரமணியன் என்பதை ஆங்கிலத்தில் எழுதினாலே 16 எழுத்து ஆகிவிடுகிறது.

இதற்கு தீர்வு எளிது. பெயரை விட்டுவிட்டு ஊழியர் எண்ணை வைத்து ஆளை அடையாளம் காண வேண்டும். திருமணத்துக்கு பிறகு பெயர் மாறினாலும், மெயில் மாறினாலும், எண் மாறாது.

மூடாத கதவு

அக்கவுண்ட் திறப்பது பாதி வேலைதான். லாக்-இன் வரவில்லை என்றால் புது ஊழியர் சத்தம் போடுவார். ஆனால் வேலையை விட்டு போனவர், என் அக்கவுண்டை மூடுங்க என்று யாரையும் கேட்கப்போவதில்லை. அதனால் அது அப்படியே கிடக்கும்.

அமெரிக்காவில் 2021 மே மாதம் நடந்தது இதற்கு சாட்சி. கிழக்கு மாநிலங்களுக்கு பெட்ரோல், டீசல் கொண்டு போகும் ‘கலோனியல்’ குழாய் நிறுவனத்துக்குள் ஹேக்கர்கள் புகுந்தார்கள். பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய அக்கவுண்ட்தான் அவர்களுக்கு வழி. அதற்கு பாஸ்வேர்டு மட்டுமே காவல். செல்போனுக்கு ஓ.டி.பி. வருவது போன்ற 2-வது பூட்டு கிடையாது. மே 7-ந்தேதி நிறுத்தப்பட்ட குழாய் 12-ந்தேதிதான் மீண்டும் இயங்கத் தொடங்கியது. பல ஊர்களில் பெட்ரோல் பங்குகள் காலியாகின. கம்பெனி 75 பிட்காயின், அதாவது சுமார் 44 லட்சம் டாலர் கப்பம் கட்டியது. அதில் ஒரு பகுதியை அமெரிக்க அரசு பிறகு மீட்டது.

எனவே ஊழியர் விலகும் தேதி மூல பதிவேட்டில் ஏறிய உடனே, எல்லா சாப்ட்வேரிலும் அவர் அக்கவுண்ட் முடங்கும்படி அமைக்க வேண்டும். அழித்துவிடக்கூடாது, முடக்கினால் போதும். அப்போதுதான் அவர் கொடுத்த பழைய புகார்களின் விவரம் தொலையாமல் இருக்கும். பதிவேட்டிலேயே தவறு இருந்தால் சாப்ட்வேர் அந்த தவறையும் வேகமாக செய்யும் என்பதால், மாதம் ஒரு முறை ஆள் பார்த்து சரிபார்ப்பதும் நல்லது.

சின்ன கடைக்கும் பொருந்தும்

எங்க கடையில 5 பேர்தான், நமக்கு எதுக்கு இதெல்லாம் என்று நினைக்க வேண்டாம். பில் போடும் கம்ப்யூட்டருக்கு எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் கடை பெயரே பாஸ்வேர்டு என்றால் அதுவும் மூடாத கதவுதான். ஆளுக்கு ஒரு லாக்-இன் கொடுங்கள். யார் சேர்ந்தார், யார் போனார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கணக்கு முடித்து சம்பள பாக்கி கொடுக்கிற அன்றைக்கே லாக்-இன்னையும் முடக்கிவிடுங்கள். கடை சாவியை திரும்ப வாங்குகிற நாம், இந்த சாவியையும் மறக்காமல் வாங்க வேண்டும்.