வாசிப்புப் பூட்டும் அதன் பொறுப்பும்

சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களில், 1984-ஆம் ஆண்டில் கர்ணம் பதவி ஒழிக்கப்படும் வரை, அடங்கல் என்னும் பயிர்க்கணக்கு கர்ணத்தின் பொறுப்பில் இருந்து வந்தது. (தமிழிலும் தெலுங்கிலும் இச்சொற்கள் ஒன்றே, 1911 வரை இப்பகுதியின் பெரும்பங்கு வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தமையால் இதில் வியப்பில்லை.) பத்துப் பேர் சூழ்ந்து நின்று அடங்கலைப் படித்தாலும் கேடில்லை. ஒருவர் படிக்கையில் மற்றொருவர் அதே வரியை அடித்துத் திருத்தினாலோ, பாதி பழையதும் பாதி புதியதுமான கணக்கே படிப்பவருக்குக் கிட்டும்.

இன்று அடங்கல் கணிப்பொறியில் ஏறிவிட்டது. சித்தூரிலோ திருப்பதியிலோ ஓர் அலுவலகத்தில் அதனைத் திறக்கும்போது, கணிப்பொறியை ஆண்டு நடத்தும் கர்னல் என்னும் அடிப்படை நிரல் தன் உள் அட்டவணைகளைப் பலமுறை புரட்டுகிறது. கணிப்பொறியில் பல செயலிகள் ஒருங்கே இயங்குவதால், இங்கும் படிப்போர் பலர், திருத்துவோர் சிலர். இவர்களிடையே ஒழுங்கை நிலைநாட்டுவதே பூட்டு. வாசிப்புப் பூட்டைப் பலர் ஒரே சமயத்தில் பெறலாம். எழுத்துப் பூட்டை ஒருவரே பெறலாம், அதுவும் படிப்போர் யாவரும் வெளியேறிய பின்னர்.

படிப்பவர் எதையும் மாற்றுவதில்லையாதலின், வாசிப்புப் பூட்டில் அபாயமில்லை என்று கருதுவது இயல்பு. ஆனால், எழுதுபவரைக் காக்க வைப்பவர் படிப்பவரே. பிழை கண்டு பாதியில் திரும்பும் ஒரு வழியில் பூட்டைத் திறக்க மறந்தால், எழுதுபவர் என்றென்றும் காத்திருப்பார். யந்திரமே நின்றுவிடக் கூடும்.

இதனினும் நுட்பமானது மற்றொன்று. படிப்பவர் பூட்டைப் பெற்றுள்ளார். எழுதுபவர் வரிசையில் நிற்கிறார். இந்நிலையில் அதே படிப்பவர் வேறொரு செயற்கூறு வழியாக அப்பூட்டையே மீண்டும் கேட்டால், எழுதுபவருக்குப் பின்னால் நிறுத்தப்படுவார். அவர் இவருக்காகவும், இவர் அவருக்காகவும் காத்திருக்க, இருவரும் நகர்வதில்லை. லினக்ஸ் கர்னலில் 2014-இல் வரிசைமுறைப் பூட்டு வந்தபின் இதற்குத் தனிக் கவனம் தேவையாயிற்று. முன்பு படிப்போர் வரிசையின்றியே நுழைந்ததால், எழுதுபவர் பட்டினி கிடந்தாரேயன்றி இச்சிக்கல் தோன்றவில்லை. ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையில் மூன்று அம்புக்குறிகளால் காட்டிவிடலாம்.

இடையீடுகளும் கவனிக்கத்தக்கவை. எழுத்துப் பூட்டை வைத்திருக்கும் செயலியின் மீதே ஓர் இடையீடு வந்து, அதே பூட்டை வாசிப்பிற்குக் கேட்டால், அது கிடைக்கப் போவதில்லை. ஆகவே இடையீடுகள் படிக்கும் அட்டவணையைத் திருத்துபவர், முதலில் தம் செயலியில் இடையீடுகளை நிறுத்திவைக்க வேண்டும்.

பிழையின்றி அமைந்த பூட்டுக்கும் ஒரு விலையுண்டு. படிக்க வருபவர் ஒவ்வொருவரும் பூட்டின் எண்ணிக்கையைக் கூட்டியாக வேண்டும். அந்த ஓர் எண் செயலிக்குச் செயலி தாவித் திரிவதிலேயே காலம் கழிகிறது.

இதற்கு மாற்றாக எழுந்த முறையில் சித்தூருக்கு மேற்கேயுள்ள பெங்களூருக்கும் பங்குண்டு. 1990-களில் அமெரிக்காவின் சீக்வென்ட் நிறுவனத்தில் பால் மெக்கென்னி முதலியோர் வளர்த்த ஆர்.சி.யு. என்னும் ‘ரீட்-காப்பி-அப்டேட்’ முறை, 2002 அக்டோபரில் லினக்ஸில் சேர்ந்தது. அதற்கு உழைத்தவர்களில் முக்கியமானவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் பெங்களூர் லினக்ஸ் மையத்துத் திபங்கர் சர்மா. அங்கேயே பணிபுரிந்த மனீஷ் சோனியும் மெக்கென்னியும் அவருடன் இணைந்து, கோப்புப் பெயர்களைத் தேடும் அட்டவணையில் இம்முறையைப் புகுத்தியதைப் பற்றிக் கட்டுரை எழுதினர்.

முறை எளிது. திருத்துபவர் ஏட்டின் மீது கை வைப்பதில்லை. படியெடுத்து, படியைத் திருத்தி, ஒரே வீச்சில் பழையதன் இடத்தில் புதியதை வைக்கிறார். முன்னரே பழைய ஏட்டைப் பிரித்தவர்கள் அதையே படித்து முடிக்கலாம். அவர்களுள் கடைசியானவர் வெளியேறிய பின்னரே பழைய ஏடு அழிக்கப்படும். படிப்பவர் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. சற்றுப் பழைய செய்தியைப் பெறலாம், அரைகுறைச் செய்தியைப் பெறுவதில்லை.

ஆயினும் கடமை நீங்கவில்லை. படிக்கும் எல்லையினுள் பெற்ற சுட்டியை எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் பயன்படுத்தினால், அழிந்த ஏட்டைப் படித்தவாறாகும். அவ்விடத்தில் அதற்குள் வேறொருவரின் தரவு அமர்ந்திருக்கலாம். கர்னலின் பாதுகாப்புக் குறைகள் பல இத்தகைய பிழையிலிருந்து பிறந்தவை. வெளியேயும் அது தேவையெனில், உள்ளிருக்கும்போதே அதற்குரிய பயன்பாட்டு எண்ணிக்கையை உயர்த்திக் கொள்ள வேண்டும். சாதாரண ஆர்.சி.யு. எல்லையினுள், வட்டிலிருந்து தரவு வரட்டும் என்று தூங்கிக் காத்திருப்பதும் விலக்கப்பட்டது. அத்தகைய தேவை உள்ளவர்களுக்கென்றே எஸ்.ஆர்.சி.யு. என்னும் வேறு வகை 2006-இல் சேர்க்கப்பட்டது.