வேலியே பயிரை மேயும்போது: வாயை வறளச் செய்யும் ஷோக்ரன் நோய்

வாய் உலர்கிறது என்றால், வெயிலையோ தண்ணீர் குறைவாகக் குடித்ததையோ காரணமாகக் கூறுவோம். பல வேளைகளில் அது சரியே. நீரிழிவும், ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் உட்கொள்ளும் சில மாத்திரைகளும்கூட வாயை உலர்த்தும். ஆனால் வறட்சி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, கண்களில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தலும் சேர்ந்து, தண்ணீரின்றி ஒரு துண்டு ரொட்டியைக்கூட விழுங்க இயலாத நிலை வந்தால், ஷோக்ரன் நோய் இருக்கிறதா என்று ஆராய வேண்டும்.

ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-இல் 19 பெண்களிடம் கண்டவற்றைக் கொண்டு இந்நோயை விரிவாக விளக்கினார். பாதிக்கப்படும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோர் நடுத்தர வயதினர். அதனால், "இந்த வயதில் இப்படித்தான் இருக்கும்" என்று வீட்டாரும், சில வேளை நோயாளியுமே இதனை ஒதுக்கிவிடுகின்றனர்.

சுரப்பிக்குள் நடப்பது என்ன?

நலமுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. இந்நோயில், கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்க வேண்டிய லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்கள் உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குள் புகுந்து, அங்குள்ள நுண்குழாய்களைச் சூழ்ந்து கொத்துக்கொத்தாகத் தங்கிவிடுகின்றன. இவற்றுள் டி செல்கள் வேதிப்பொருள்களை வெளியிட்டு அழற்சியை வளர்ப்பதுடன், பி செல்களையும் தூண்டுகின்றன. பி செல்களோ உடலின் சொந்தப் புரதங்களுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களை உருவாக்குகின்றன. ஆன்டி-ரோ, ஆன்டி-லா என்று இரத்தப் பரிசோதனை அறிக்கையில் காணப்படுபவை இவையே. தாக்கப்படும் சுரப்பிச் செல்களும் மேலும் பல அணுக்களை அழைக்கும் சைகைகளை வெளியிடுவதால், அழற்சி தானாக அடங்குவதில்லை.

இரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள்கள் இல்லை என்பதாலேயே நோய் இல்லை என்று முடிவு செய்ய இயலாது. அந்நிலையில் கீழுதட்டின் உட்புறத்திலிருந்து சில சிறு சுரப்பிகளை மரத்துப்போகும் ஊசியிட்டு எடுத்து ஆராய்வோம். 50-க்கும் மேற்பட்ட லிம்போசைட்டுகள் ஓரிடத்தில் திரண்டிருப்பது ஒரு கொத்து. 4 சதுர மில்லிமீட்டர் திசுவில் அத்தகைய கொத்து ஒன்றேனும் இருந்தால், அது நோய்க்கு வலுவான சான்று.

ஏன் அலட்சியம் கூடாது?

உமிழ்நீர் குறைந்தால் பற்கள் விரைவில் சொத்தையாகும். வாயில் பூஞ்சைத் தொற்று ஏற்படும். சிலருக்கு மூட்டு, நுரையீரல், சிறுநீரகம், நரம்புகள் ஆகியவையும் பாதிக்கப்படலாம். பி செல்கள் ஆண்டுக்கணக்கில் தூண்டப்பட்டுக்கொண்டே இருப்பதால், ஒரு சிலருக்கு லிம்போமா என்னும் புற்றுநோய் தோன்றக்கூடும். காதின் முன்புற வீக்கம் வற்றாமல் நீடித்தாலோ, கால்களில் ஊதா நிறப் புள்ளிகள் தோன்றினாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் உடனே வாருங்கள்.

ஆன்டி-ரோ உள்ள பெண்கள் கருவுறத் திட்டமிடும்போதே மகப்பேறு மருத்துவரிடம் அதைத் தெரிவிக்க வேண்டும். அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சென்று, அரிதாகச் சிசுவின் இதயத் துடிப்பைப் பாதிக்கும்.

செய்ய வேண்டியவை

நோய் முற்றிலும் நீங்குவதில்லை. ஆயினும் கட்டுக்குள் வைக்கலாம். பலருக்குச் சுரப்பியின் ஒரு பகுதி செயல்திறனோடு எஞ்சியிருப்பதால், அதனைத் தூண்டும் பைலோகார்பின் போன்ற மருந்துகள் பயன் தருகின்றன. ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்கூட்டியே கூற வேண்டும். தண்ணீரைச் சிறிது சிறிதாக அடிக்கடி பருகுங்கள். வறட்சிக்காக இனிப்பு மிட்டாய் சுவைப்பது பற்களைக் கெடுக்கும். சர்க்கரையற்ற சூயிங்கம் மெல்லலாம். புளூரைடு பற்பசையைப் பயன்படுத்துங்கள். பாக்கு, புகையிலை வேண்டா.

குடும்பத்தினருக்கு ஒரு சொல்: இது தொற்றுநோய் அன்று, ஒரே தட்டில் உண்பதால் பரவாது. நோயாளி கூறும் கடுஞ்சோர்வு சோம்பலும் அன்று. அதுவும் இந்நோயின் ஒரு கூறே. உணவு வேளையில் அவரருகில் ஒரு குவளைத் தண்ணீரும் ரசமோ மோரோ இருக்கட்டும். அவர் மெல்ல உண்டு முடிக்கும்வரை உடனிருங்கள்.