பழைய வில்லில் நாணேற்ற வேண்டாம்

பழைய வேட்டை வில்லைச் சீரமைப்பது என்றால், அதை மீண்டும் அம்பெய்ய வைப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். அது தவறு என்பதற்கு வில்லின் உடலே சான்று. கலிபோர்னியாவின் யாகி பழங்குடியினர் ஜூனிப்பர் மரத்தில் செய்த குட்டை வில்லைப் பாருங்கள். நாணை இழுக்கும்போது அதன் வெளிப்புறம் நீள்கிறது. எய்பவரை நோக்கிய உட்புறம் நசுங்குகிறது. வெளிப்புறம் பிளக்காமல் காக்க, மான் தசைநாரை இழை இழையாகப் பிரித்துப் பசையிட்டு ஒட்டினார்கள். காலம் செல்லச் செல்ல மரம் உலர்கிறது, பசை வெடிக்கிறது, உட்புறத்தில் நுண்ணிய நசுங்கல் கோடுகள் ஒளிந்திருக்கலாம். ஒருமுறை இழுத்தாலே முறியக்கூடும். எண்ணெய் தடவினால் இழந்த வலு திரும்பாது, தூசிதான் சேரும். எனவே மென்தூரிகையால் துடைத்து, பெயர்ந்த இழைகளைப் பின்னாளில் பிரிக்கக்கூடிய பசையால் ஒட்டி, ஈரப்பதம் மாறாத இடத்தில் நாணின்றிக் கிடத்துவதே சரியான சீரமைப்பு.

எய்யாத வில் வெறும் குச்சிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, வில்லின் அறிவு பயன்பாட்டில்தான் வாழ்கிறது. ஆனால் அந்த அறிவைக் காக்கப் பழைய மரத்தை வதைக்க வேண்டியதில்லை. 1911இல் யாகி இனத்தின் கடைசி மனிதராக வெளியுலகுக்கு வந்த இஷி, 1916இல் இறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் புதிய வில்களைச் செய்துகாட்டினார். அவரிடம் கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப் அந்த நுட்பத்தை எழுதிவைத்தார். அந்தக் கலை இன்றும் பயிலப்படுகிறதென்றால், காரணம் கற்பித்த கையும் கற்ற கையும். பழைய வில் சான்றாக இருக்கட்டும். அதைப் பார்த்துச் செய்த புது வில் எய்யட்டும்.