பன்னாட்டு மூளைத் தேனீ

பன்னாட்டு மூளைத் தேனீ என்பது உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான நரம்பறிவியல் போட்டி ஆகும். இது பிரெயின் பீ என்னும் ஆங்கிலப் பெயரால் பரவலாக அறியப்படுகிறது. மூளையின் அமைப்பு, நரம்பணுக்களின் செயற்பாடு, நினைவு, உறக்கம், உணர்ச்சி, புலன்கள், மூளை நோய்கள் ஆகியவை குறித்து மாணவர்கள் இதில் சோதிக்கப்படுகின்றனர். பாடநூல் வினாக்களோடு நின்றுவிடாமல், மனித மூளையை நேரில் கண்டு அறியவும் நோயாளியின் அறிகுறிகளைக் கொண்டு நோயை இனங்காணவும் மாணவர்களைக் கோருவது இப்போட்டியின் சிறப்பியல்பு ஆகும்.

பெயர்

அமெரிக்க நாட்டுப்புறங்களில் ஊரார் ஒன்றுகூடிச் செய்யும் கூட்டுப்பணி 'பீ' என அழைக்கப்பட்டது. சோளக்கதிர் உரித்தல், மெத்தை விரிப்புத் தைத்தல் போன்ற பணிகள் இவ்வாறு நடைபெற்றன. பின்னர் எழுத்துக்கூட்டல் போட்டிக்கு 'ஸ்பெல்லிங் பீ' என்ற பெயர் அமைந்தது. அதனை ஒட்டியே இப்போட்டிக்கும் பெயரிடப்பட்டது. 'பீ' என்னும் சொல்லுக்குத் தேனீ என்ற பொருளும் உண்டு.

தோற்றம்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் நரம்பறிவியல் ஆசிரியராகப் பணியாற்றிய நோர்பர்ட் மிஸ்லின்ஸ்கி 1998 ஆம் ஆண்டில் இப்போட்டியைத் தோற்றுவித்தார். இளம் வயதினரிடையே மூளை பற்றிய அறிவைப் பரப்புவதும், அவர்களுள் சிலரையாவது மூளை நோய்களுக்குத் தீர்வு தேடும் ஆய்வின் பக்கம் ஈர்ப்பதும் இதன் நோக்கங்கள் ஆகும். மனநோய்களில் பல பதின்ம வயதிலேயே தலைகாட்டத் தொடங்குகின்றன. வலிப்பு நோய், மனச்சிதைவு போன்றவை பல சமூகங்களில் இன்றும் சாபமாகவோ பேய்பிடித்தலாகவோ கருதப்படுகின்றன. அவற்றை உடலுறுப்பு ஒன்றின் நோயாகப் பார்க்கும் பழக்கம் பள்ளிப் பருவத்திலேயே ஏற்படுவது பயனுடையது.

போட்டி நிலைகள்

போட்டி மூன்று நிலைகளில் நடைபெறும். பல்கலைக்கழகங்களும் மருத்துவக் கல்லூரிகளும் உள்ளூர்ப் போட்டிகளை நடத்துகின்றன. அவற்றில் வென்றோர் தேசியப் போட்டிக்கும், தேசிய வெற்றியாளர் உலகப் போட்டிக்கும் செல்வர். உலகப் போட்டி பெரும்பாலும் ஓர் அறிவியல் மாநாட்டை ஒட்டியே நடத்தப்பட்டுள்ளது. 2016 இல் கோபனேகனிலும், 2017 இல் வாசிங்டனிலும், 2018 இல் பெர்லினிலும், 2019 இல் தென்கொரியாவின் டேகு நகரிலும் இது நடைபெற்றது. 2014 இல் வாசிங்டனில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவைச் சேர்ந்த மாணவி ஒருவர் முதலிடம் பெற்றார்.

பாடநூல்

உள்ளூர்ப் போட்டிகள் பலவற்றுக்கு, அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட நரம்பறிவியல் சங்கம் வெளியிட்ட 'பிரெயின் ஃபேக்ட்ஸ்' என்னும் நூல் அடிப்படையாக அமைந்துள்ளது. பொதுமக்களுக்காக எளிய நடையில் எழுதப்பட்ட இந்நூலை இணையத்தில் இலவசமாகப் பெறலாம். எனவே விலையுயர்ந்த மருத்துவ நூல்கள் கிடைக்காத மாணவரும் போட்டிக்கு ஆயத்தமாக இயலும். இதன் எட்டாம் பதிப்பு 2018 இல் வெளிவந்தது.

நரம்பறிவியல் விரைவாக மாறும் துறை என்பதால் எந்தப் பதிப்பைப் படிப்பது என்பதும் முதன்மையானது. எடுத்துக்காட்டாக, மனித மூளையில் 10,000 கோடி நரம்பணுக்கள் உள்ளதாக நீண்டகாலமாக நூல்கள் குறிப்பிட்டு வந்தன. 2009 இல் வெளியான ஆய்வொன்று, மூளைத் திசுவைக் கரைத்து உயிரணுக் கருக்களை எண்ணும் முறையைப் பயன்படுத்தி, அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 8,600 கோடி எனக் கண்டது. பழைய நூலை மனனம் செய்த மாணவர் இவ்வினாவுக்குத் தவறான விடையையே அளிப்பார்.

தேர்வுப் பிரிவுகள்

உள்ளூர்ப் போட்டி பெரும்பாலும் வாய்மொழி அல்லது எழுத்து வினாக்களால் ஆனது. தேசிய, உலக நிலைகளில் பின்வரும் பிரிவுகள் சேர்கின்றன:

1. உடற்கூற்றியல்: பதப்படுத்தப்பட்ட உண்மையான மனித மூளையில் அடையாளமிடப்பட்ட பகுதிகளின் பெயரையோ பணியையோ கூறுதல்.
2. திசுவியல்: நுண்ணோக்கிப் படங்களில் உயிரணு வகைகளையும் மூளைப் பகுதிகளையும் இனங்காணுதல்.
3. படிமவியல்: எம்.ஆர்.ஐ. முதலிய படிமங்களில் மூளையின் பகுதிகளையும் சிதைவுகளையும் காணுதல்.
4. நோயறிதல்: நோயாளியாக நடிப்பவரின் நடை, பேச்சு, உடலசைவு ஆகியவற்றைக் கொண்டு நோயைக் கூறுதல்.
5. நேரடி வினாவிடை: நடுவர்கள் முன்னிலையில் விடையளித்தல்.

ஒரு நோய், பல வினாக்கள்

இப்பிரிவுகள் ஒன்றையொன்று எவ்வாறு நிறைவு செய்கின்றன என்பதைப் பார்க்கின்சன் நோயைக் கொண்டு விளக்கலாம். 1817 இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விவரித்தார். இந்நோயில் எந்த வேதிப்பொருள் குறைகிறது என்பது வாய்மொழி வினா. டோப்பமின் என்பது அதன் விடை. இதனை மனனம் செய்தே கூறிவிடலாம்.

உடற்கூற்றியல் பிரிவில் அதே செய்தி வேறு வடிவம் பெறுகிறது. நடுமூளையைக் குறுக்கே வெட்டினால் இருபுறமும் கரிய பட்டை ஒன்று தெரியும். இது 'சப்ஸ்டன்சியா நைக்ரா' எனப்படுகிறது. இலத்தீனில் இதற்குக் 'கரிய பொருள்' என்று பொருள். டோப்பமினை உருவாக்கும் நரம்பணுக்களில் உள்ள நிறமியே இக்கருமைக்குக் காரணம். அந்நரம்பணுக்கள் அழிவதால் பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் இப்பட்டை வெளிறிக் காணப்படும். திசுவியல் படத்திலோ எஞ்சிய நரம்பணுக்களுக்குள் லூயி உருண்டைகள் எனப்படும் புரதத் திரள்கள் தென்படும்.

ஆனால் படிமவியல் பிரிவில் மாணவர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். வழக்கமான எம்.ஆர்.ஐ. படிமம் இந்நோயின் தொடக்க நிலையில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். பக்கவாதம், கட்டி போன்ற பிற காரணங்கள் இல்லை என உறுதி செய்யவே அது உதவுகிறது.

நோயறிதல் பிரிவில் ஒருவர் மெல்ல நடந்து வருவார். அமர்ந்தபின் மடியில் ஓய்ந்திருக்கும் கை நடுங்கும். குவளையை எடுக்கும்போது நடுக்கம் குறையும். ஓய்வில் நடுங்குவது பார்க்கின்சன் நோயின் இயல்பு. மாறாக, ஓய்வில் நடுங்காத கை குவளையை ஏந்தும்போது நடுங்கினால் அது வேறொரு நடுக்க நோயாக இருக்கலாம். டோப்பமின் என்ற சொல்லை மட்டும் அறிந்த மாணவர் இங்குத் தடுமாறுவார். கையை உற்றுநோக்கியவரே விடையை எட்டுவார்.

மதிப்பீடு

குறுகிய நேரத்தில் விடை கூறும் எந்தப் போட்டியும் நினைவாற்றலுக்கே கூடுதல் இடம் அளிக்கும். நரம்பறிவியலில் இன்னும் விடை காணப்படாத வினாக்களுக்கு அதில் இடம் குறைவு. உணர்வுநிலை எவ்வாறு தோன்றுகிறது, இறந்துகொண்டிருக்கும் நரம்பணுக்களை எவ்வாறு காப்பது என்பன அத்தகைய வினாக்கள். செய்முறைப் பிரிவுகள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுள்ள மனித மூளையின் முன் பதினாறு வயது மாணவர் நிற்கும்போது, அது ஒரு காலத்தில் ஒருவருடைய நினைவுகளையும் மொழியையும் தாங்கியிருந்த உறுப்பு என்பது விளங்குகிறது. இறந்தபின் உடலைக் கல்விக்காகக் கொடையளித்தவர்களாலேயே இத்தகைய கற்றல் இயலுகிறது.