பைல் நாட்டில் புலி உண்டா?

கொல்லிமலையின் மேல் பொழுது சாயும் நேரம். பைல் நாட்டுச் சிற்றூர் ஒன்றில், ஆடு மேய்க்கப் போன சிறுவன் ஒருவன் ஓட்டமும் நடையுமாக வீடு திரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். மூச்சு வாங்க அவன் சொல்லும் சொல் ஒன்றுதான்: "புலி!" திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர், "நாயைக் கண்டு பயந்திருப்பாய், போடா!" என்று நகைக்கிறார். இன்னொருவர் அரிவாளைக் கையில் எடுக்கிறார். மூன்றாமவர் பொழுது விடிவதற்குள் அச்செய்தியை நாலு ஊருக்குப் பரப்பிவிடுகிறார். இம்மூவருள் சரியாக நடந்துகொண்டவர் யார்? ஒருவரும் இல்லை என்பதே என் கருத்து. மூவரும் ஒரு வினாவைக் கேட்க மறந்தார்கள். "நீ கண்டது என்ன? அதற்கு அடையாளம் யாது?" என்பதே அந்த வினா.

மாணவ நண்பர்களே! காட்டுக்கு வெளியே, மக்கள் குடியிருக்கும் நாட்டுப்புறத்தில், பெரும் பூனையினத்து விலங்குகள் வாழ முடியுமா? வாழ்ந்தால் அதை அறிவது எப்படி? இவ்விரண்டையும் இன்றைய பேச்சில் ஆராய்வோம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஒரு மேட்டு நிலம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்தது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே சென்றால் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று பல நாடுகள். அவற்றுள் ஒன்று பைல் நாடு. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் இங்கே சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து வந்துள்ளனர். மிளகும் காப்பியும் அன்னாசியும் பலாவும் இம்மலையின் செல்வங்கள். வயலை ஒட்டித் தோட்டம். தோட்டத்தை ஒட்டிக் காடு. காட்டுக்கு அப்பால் செங்குத்தான சரிவு. மனிதன் வாழும் இடம் எங்கே முடிகிறது, விலங்கு வாழும் இடம் எங்கே தொடங்குகிறது என்று இங்கே கோடு கிழிக்க இயலாது.

அடுத்து, 'புலி' என்ற சொல்லைப் பார்ப்போம். நம் ஊர்களில் வரிப்புலியையும் புலி என்கிறோம். புள்ளிகளையுடைய சிறுத்தையையும் புலி என்கிறோம். சில வேளைகளில் கழுதைப்புலியும் அப்பெயரில் பங்கு கேட்கிறது. அறிவியல் நோக்கில் இவை வெவ்வேறு விலங்குகள். கழுதைப்புலி பூனைக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. ஆதலால் "புலி உண்டா?" என்ற வினாவுக்கு விடை கூறுமுன், எந்தப் புலி என்று கேட்க வேண்டும்.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய பாட்டு புறநானூற்றில் 152ஆம் பாட்டாக உள்ளது. ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் தைத்துச் சென்றதாக அது கூறும். புலியும் யானையும் திரிந்த மலைக்காட்டைப் புலவர்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. ஆனால் இன்று அங்கே புலி வாழ்கிறது என்பதற்கு இது சான்றாகாது. பாட்டு அன்றைய நினைவைக் காத்து வைக்கும்; இன்றைய காட்டை அறியக் காட்டைத்தான் பார்க்க வேண்டும்.

வரிப்புலிக்குப் பெரிய இரை வேண்டும்; கடமானும் காட்டெருமையும் போதிய அளவில் வேண்டும்; ஒன்றோடொன்று தொடர்ந்த பெருங்காடும் வேண்டும். தமிழ்நாட்டில் ஆனைமலை, களக்காடு முண்டந்துறை, முதுமலை, சத்தியமங்கலம், திருவில்லிபுத்தூர் மேகமலை என 5 புலிகள் காப்பகங்கள் உள்ளன. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மதிப்பிடப்பட்ட புலிகள் 306. ஊரும் வயலும் சூழ்ந்த ஒரு தனிமலையில் வரிப்புலி குடும்பத்தோடு நிலைத்து வாழ்வது அரிது.

சிறுத்தையின் கதை வேறு. உடல் சிறிது, தேவையும் சிறிது. முயல், குரங்கு, மயில், காட்டுப்பன்றிக் குட்டி, ஆடு, தெருநாய் ஆகிய எதுவும் அதற்கு உணவாகும். பகலில் ஒரு புதரோ பாறை இடுக்கோ கரும்புத் தோட்டமோ இருந்தால் போதும். இரவில் ஓசையின்றி வெளிவரும். அதே 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இந்தியாவில் 13,874 சிறுத்தைகளும், தமிழ்நாட்டில் 1,070 சிறுத்தைகளும் இருப்பதாக மதிப்பிட்டது. எண்ணிக்கை மிகுதியும் காடுகளில் எடுக்கப்பட்டது. காட்டுக்கு வெளியே வாழ்பவை இதில் முழுமையாக அடங்கா.

காட்டுக்கு வெளியே சிறுத்தை வாழ முடியும் என்பதற்கு மகாராட்டிரத்திலிருந்து தெளிவான சான்று கிடைத்திருக்கிறது. அங்கே அகோலே என்ற பகுதி கரும்பு விளையும் பள்ளத்தாக்கு. சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழ்கின்றனர். வித்யா ஆத்ரேயா என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் அங்கே தானியங்கிக் கேமராக்களை வைத்து ஆராய்ந்து, 2013ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 சிறுத்தைகள் அந்தக் கரும்புத் தோட்டங்களினூடே வாழ்ந்தன! அவற்றின் உணவை ஆராய்ந்தபோது, எடைக் கணக்கில் 87 விழுக்காடு வீட்டு விலங்குகளே என்றும், அதில் நாய்கள் மட்டும் 39 விழுக்காடு என்றும் தெரியவந்தது. ஊரார் பலர் தம் வீட்டுக்குப் பின்புறம் இரவில் நடந்து செல்வது யார் என்பதை அறியாமலே உறங்கியிருக்கிறார்கள்.

சிறுத்தை நெடுந்தூரம் நடக்கவும் வல்லது. 2009ஆம் ஆண்டில் அதே மாநிலத்தில் ஒரு கிணற்றில் விழுந்த முதிய ஆண் சிறுத்தையை மீட்டு, கழுத்தில் இருப்பிடங்காட்டும் பட்டை கட்டி, மால்சேஜ் கணவாய்க் காட்டில் விட்டனர். அது இருப்புப்பாதையையும் நெடுஞ்சாலையையும் கடந்து, சுமார் 120 கிலோமீட்டர் தொலைவு நடந்து, மும்பை நகரை ஒட்டிய தேசியப் பூங்காவை அடைந்தது. வழியில் ஒருவரையும் அது தாக்கவில்லை.

நம் நாட்டுப்புறத்திலும் அண்மையில் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. 2023ஆம் ஆண்டில் இதே நாமக்கல் மாவட்டத்தில், காவிரியை அடுத்த பரமத்திவேலூர் வட்டாரத்தில் ஒரு சிறுத்தை நடமாடியது. வளர்ப்பு விலங்குகள் பலியாயின. வனத்துறையினர் கூண்டும் கேமராவும் வைத்துத் தேடினர். 2024 ஏப்ரல் 2ஆம் நாள் இரவு, மலையோ காடோ அருகில் இல்லாத மயிலாடுதுறை நகரில் செம்மங்குளம் பகுதித் தெருவில் ஒரு சிறுத்தை நடந்து செல்வது கண்காணிப்புக் கேமராவில் பதிவாயிற்று. பல நாள் தேடியும் அது பிடிபடவில்லை. அதே ஆண்டு ஜூன் 14ஆம் நாள் திருப்பத்தூர் நகரில் ஒரு பள்ளி வளாகத்துக்குள் சிறுத்தை புகுந்தது. மறுநாள் அதனை மயக்க ஊசியால் பிடித்தனர். நெல் வயலிலும் நகரத் தெருவிலும் தோன்றிய விலங்கு, காடு சூழ்ந்த கொல்லிமலையில் என்றேனும் ஒருநாள் தோன்றக்கூடும் என்று சொல்வதில் வியப்பு ஒன்றும் இல்லை.

ஆனால், நண்பர்களே, 'வாழக்கூடும்' என்பது ஒன்று. 'வாழ்கிறது' என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும் தவறு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் தென்மேற்கே கார்ன்வால் பகுதியில் பாட்மின் என்ற மேட்டுப் புல்வெளி உள்ளது. அங்கே கருநிறப் பெரும்பூனை ஒன்று திரிவதாகப் பலர் உறுதியாகக் கூறிவந்தனர். அரசாங்கமே ஆராய்ந்து, பெரும்பூனை உண்டு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 1995ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. சில நாட்களுக்குள் அருகிலுள்ள ஆற்றில் ஒரு சிறுவன் மண்டையோடு ஒன்றைக் கண்டெடுத்தான். அது உண்மையான சிறுத்தையின் மண்டையோடே! அறிக்கை பொய்த்தது என்று பலர் ஆரவாரித்தனர். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக அறிஞர்கள் அதை நுணுகிப் பார்த்தபோது, உள்ளே வெப்ப நாட்டுக் கரப்பான் பூச்சியின் முட்டைக்கூடு இருந்தது. கத்தி பட்ட தடமும் இருந்தது. வெப்ப நாட்டில் இறந்து, தரைவிரிப்பாகப் பதப்படுத்தப்பட்ட தோலோடு கடல் கடந்து வந்த தலை அது. கண்டெடுத்த பொருள் மெய். அதிலிருந்து எடுத்த முடிவு பொய்.

ஆகவே அடையாளங்களைப் படிக்கக் கற்க வேண்டும். முதலாவது, கால்தடம். நாயின் தடத்தில் நகக்குறிகள் முன்னே தெரியும். பூனையினம் நடக்கும்போது நகங்களை உள்ளே இழுத்துக்கொள்வதால் அவை பெரும்பாலும் பதிவதில்லை. நான்கு விரல்களும், பின்னோரம் மூன்று வளைவுகளாக முடியும் ஓர் அடிப்பாதமும் மட்டுமே தெரியும். காட்டுப்பூனையின் தடம் சிறியது. சிறுத்தையின் தடம் ஏறக்குறைய 7 முதல் 9 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். ஈர மண்ணில் தடம் விரிந்து பெரிதாகத் தோன்றும் என்பதையும் மறக்கலாகாது. தடத்தின் அருகே ஓர் அளவுகோலையோ பென்சிலையோ வைத்துப் படம் எடுத்தால் அப்படம் பேசும். வெறும் படம் ஊமை.

இரண்டாவது, இறந்த ஆடு. சிறுத்தை பெரும்பாலும் தொண்டையைக் கவ்விக் கொல்லும். கழுத்தில் ஆழமான பல் துளைகள் காணப்படும். நாய்க்கூட்டம் கடித்தால் காலும் தொடையும் பல இடங்களில் பிய்ந்திருக்கும். மூன்றாவது, எச்சம், அதில் உள்ள மயிரைக் கொண்டு உண்ட இரையை அறியலாம். நான்காவது, எல்லாவற்றிலும் உறுதியானது, தானியங்கிக் கேமரா. ஒரு சிறுத்தையின் புள்ளி அமைப்பு மற்றொன்றுக்கு இராது. நம் கைரேகை போன்றது அது. ஆதலால் வந்தது ஒன்றா, இரண்டா, பழையதா, புதியதா என்பதையும் படங்களைக் கொண்டே சொல்லிவிடலாம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இதில் உயிர்களும் பிழைப்பும் அடங்கியிருக்கின்றன. இருக்கும் விலங்கை இல்லை என்று நகைத்தால், மறுநாளும் சிறுவன் தனியே அதே சரிவுக்குப் போவான். 2024 சனவரியில் நீலகிரி மாவட்டம் பந்தலூரில் 3 வயதுக் குழந்தை ஒன்று சிறுத்தைக்குப் பலியான துயரத்தை நாம் மறக்கக்கூடாது. ஆட்டை இழந்த ஏழைக்கும் இதில் பங்கு உண்டு. விலங்கு கொன்ற கால்நடைக்கு வனத்துறை இழப்பீடு வழங்குகிறது. ஆனால் கொன்றது எது என்று அறிந்த பிறகே வழங்க இயலும். அவசரத்தில் ஆட்டைப் புதைத்துவிட்டால் சான்றும் புதைந்துவிடும்.

மறுபுறம், இல்லாத விலங்கை உண்டு என்று பரப்பினால் கண்ணியும் நஞ்சும் வைப்பார்கள். அவற்றில் சிக்குவது பெரும்பாலும் மரநாயும் காட்டுப்பூனையும் பக்கத்து வீட்டு நாயுமே. உண்மையில் சிறுத்தையே வந்திருந்தாலும் அதைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பிடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் விட்டால் போதாதா என்பாரும் உளர். மகாராட்டிரத்தின் ஜுன்னர் வட்டாரத்தில் 2001 முதல் அப்படித்தான் செய்தனர். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல்கள் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் 17 ஆக உயர்ந்தன. அறியாத இடத்தில் விடப்பட்ட விலங்கு கலங்குகிறது. திரும்பி வரப் பார்க்கிறது. அது விட்டுச்சென்ற இடத்துக்கு வேறொன்று வந்து சேர்கிறது.

ஆகவே பைல் நாட்டுச் சிறுவன் "புலி!" என்று ஓடிவந்தால் செய்ய வேண்டியவை இவை: முதலில் அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். கண்ட இடம், நேரம், உயரம், வால், நிறம் ஆகியவற்றை அவன் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அவ்விடத்துக்கு அன்று இரவு ஒருவரும் போக வேண்டாம். விடிந்தபின் பெரியவர்கள் சேர்ந்து சென்று, தடம் இருந்தால் மிதியாமல் ஒரு கூடையைக் கவிழ்த்து மூடிவிட்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள். இருள் பிரியும் முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் சிறுவர்களைத் தனியே அனுப்பாதீர்கள். ஆட்டுப்பட்டிக்குக் கூரையும் கதவும் இடுங்கள். ஊரோரத்தில் இறைச்சிக் கழிவைக் கொட்டினால் நாய் பெருகும். நாய் பெருகினால் அதைத் தின்ன வருவதும் பெருகும்.

சிறுத்தை உண்மையாகவே வந்திருந்தாலும், அந்த ஊர் இவ்வாறு நடந்துகொண்டால் அதற்குப் பெரிய தீங்கு நேராது. வரவில்லை என்றாலும் இழப்பு ஒன்றும் இல்லை. பட்டிக்குக் கதவு ஒன்று கிடைத்திருக்கும். அந்தச் சிறுவனும், தான் சொன்னதைப் பெரியவர்கள் நகையாமல் கேட்டு எழுதிக்கொண்டார்கள் என்பதை வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருப்பான்.